பின்சீட்டிலிருந்து ஓர் அம்பாசிடர்

என் அலுவலக மேசையில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அம்பாசிடர் நிற்கிறது. நீளம் ஒரு சாண். அறைக்குள் வருகிறவர்கள் அதைக் கண்டதும் குனிந்து முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். உருண்டை விளக்குகளையும் அகன்ற கிரில்லையும் பார்த்துச் சிரிப்பார்கள். சிலர் தங்கள் கல்யாணத்தன்று அலங்கரித்து வந்த காரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் இந்தக் காரைப் பார்க்க வேண்டிய இடம் முன்பக்கம் அல்ல. கையில் எடுத்து, இடது பக்கப் பின் ஜன்னலை ஒற்றைக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். அப்போது முன்சீட்டின் முதுகு தெரியும். பச்சை ரெக்சின், அதன் தையல், நடுவில் சாம்பல் கிண்ணம், ஓட்டுகிறவர் பக்கம் மடித்துப் போட்ட துண்டு, துண்டின் சிவப்புக் கரை, யாரோ பீடியால் சுட்டுவிட்ட ஒரு கரிய பொட்டு, அத்தனையும் இருக்கும். இவ்வளவையும் செய்தவர் என் மனைவியின் அம்மா. எனக்கு அத்தை.

கல்யாணம் முடிந்து விருந்துக்குப் போனபோதுதான் அத்தையின் கார்களை முதலில் பார்த்தேன். பல்லடத்துக்கு வெளியே, மாமாவின் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீடு. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை என்றால் தனி மரியாதை. அந்த மரியாதையில் அத்தை என் எதிரே உட்காரவே மாட்டார். கதவோரம் நின்றபடி, எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமா என்று தன் மகளைக் கேட்பார். மகள் என்னைக் கேட்பாள். நான் மகளிடம் போதும் என்பேன். இந்த அஞ்சல் சேவை சலித்துப்போய் எழுந்து கை கழுவப் போகும் வழியில், சுவர் அலமாரிக் கண்ணாடிக்குள் வரிசையாகக் கார்கள் நின்றன. வேன் ஒன்று, ஜீப் ஒன்று, நடுவில் இந்த அம்பாசிடர். கடையில் வாங்கியவை என்றுதான் நினைத்தேன். யார் வாங்கியது என்று கேட்டதும் கதவோரத்திலிருந்து நேரடியாகவே பதில் வந்தது.

“வாங்குனது இல்லீங்க மாப்ள. சும்மா இருக்கற நேரத்துல நானே செஞ்சதுங்க.”

அன்று மாலை வரை எங்களுக்குப் பேச்சு ஓயவில்லை. என் மனைவிக்கு வேலையில்லாமல் போய்விட்டது. நூல் சுற்றிவரும் அட்டைக் கோன்களை ஊறவைத்து, பசை தடவி அடுக்கி, பட்டி பூசி, உப்புத்தாளால் நாள்கணக்கில் தேய்த்து உடம்பைச் செய்வாராம். கதவுக் கைப்பிடிகள் ஜாக்கெட் கொக்கிகள். முன்விளக்குகள் கல் பொட்டுகள். பின்விளக்குகள் சிவப்பு ஒட்டுப்பொட்டுகள். டயர்கள் குழாய் வாஷர்கள். ஜன்னல் கண்ணாடிகள் மாமாவின் நெஞ்சை எடுத்த எக்ஸ்ரே படத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தவை. முதலில் சட்டென்று ஒட்டும் பசையை வைத்து ஒட்டியிருக்கிறார். அந்தப் பசையின் ஆவி பட்டு ஜன்னல்கள் எல்லாம் விடிவதற்குள் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தனவாம். “உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு முட்டுமுல்லீங்க, அப்படியே பிச்சுப்போட்டேன்” என்றார். உள்ளே யாரும் இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார் போலிருந்தது.

நான் கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிறவன். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அந்தப் புத்தி விருந்துக்குப் போன இடத்திலும் சும்மா இருக்குமா? அம்பாசிடரைத் திருப்பி முன்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். ஸ்டியரிங் இருந்தது. அதற்கு அப்பால் வெறும் வெள்ளை அட்டை. டாஷ்போர்டு இல்லை, மீட்டர் இல்லை, கீழே பெடல்கள் இல்லை. பின்பக்கத்தில் பீடிச் சூட்டைக்கூட விடாதவர் இதை எப்படி விட்டார் என்று புரியவில்லை. ஜீப்பை எடுத்துப் பார்த்தேன், வேனையும் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான் இருந்தன. பின்னால் எல்லாம் இருந்தது, முன்னால் ஒன்றும் இல்லை. முன்பக்கம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டேன்.

“நான் அங்க உக்காந்ததே இல்லீங்களே மாப்ள” என்றார் அத்தை. குறையாகச் சொல்லவில்லை. காபிக்குச் சர்க்கரை போடவில்லை என்பதைச் சொல்வது போல்தான் சொன்னார்.

அந்த வீட்டில் கார் ஏறுவதற்கு ஒரு வரிசை உண்டு. மாமா ஓட்டுவார். அவருக்குப் பக்கத்தில் ஆண் யாராவது உட்காருவார், அது தறி மேஸ்திரியாகவும் இருக்கலாம், பள்ளிக்கூடம் போகும் வயது வராத மகனாகவும் இருக்கலாம். அப்படி யாருமே இல்லாத நாளில் நூல் சாம்பிள் பை ஜம்மென்று முன்சீட்டில் உட்கார்ந்து போகும். அத்தை பின்னால், இடது ஜன்னலோரம். கோயிலுக்கும் அங்கேதான், பிரசவத்துக்கும் அங்கேதான். யாரும் உத்தரவு போட்டு நடந்ததில்லை, யாரும் மாற்றிப் பார்க்கவும் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே நிஜ அம்பாசிடரை விற்றுவிட்டுச் சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் கார் வாங்கினார்கள். எல்லாரும் புதுக்கார் சந்தோஷத்தில் இருந்தபோது, தன் ஜன்னலோரம் போய்விட்டதே என்று அத்தைக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அப்போது செய்யத் தொடங்கியதுதான் இந்த அம்பாசிடர்.

எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் மாமாவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது, போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தில் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிரே வந்த டெம்போ தெரியாமல் ஒரு நாள் வண்டியைப் பள்ளத்தில் இறக்கியதோடு மாமா சாவியை ஆணியில் மாட்டினார். காருக்கு உறை போட்டார்கள். தறிகளை ஏற்கெனவே வேறொருவருக்கு வாடகைக்கு விட்டாயிற்று. அந்த வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் நல்ல தூரம். கூப்பிட்டால் வருகிறேன் என்ற டிரைவர் கூப்பிட்ட நாளெல்லாம் வேறு சவாரியில் இருப்பார். வெளிநாட்டில் இருக்கும் அவர்கள் மகன், என் மச்சான், வீடியோவில் கூப்பிட்டு முடிவாகச் சொல்லிவிட்டான். காரை விற்றுவிட வேண்டும், வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் கோயமுத்தூரில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட்டுக்கு வந்துவிட வேண்டும். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் சரி என்றேன்.  மாமா பேச்சைக் குறைத்து வெகுநாளாகியிருந்தது. நாற்காலியை வாசல் பக்கம் போட்டு, ரோட்டில் போகும் வண்டிகளின் சத்தத்தை வைத்து அது லாரியா பஸ்ஸா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பார்.

அத்தைக்குப் போக மனமில்லை. அவருக்கு எல்லாம் அங்கேதான். தறிக்கூடத்து ஜன்னலோரம் அவருடைய மேசை. டிங்கரிங் பட்டறையில் மிச்சப் பெயிண்டைச் சின்ன டப்பாவில் ஊற்றி எடுத்து வைத்திருந்து கொடுப்பார்கள். பட்டி தேய்க்கும் தூசியைப் பற்றிக் கேட்க ஆளில்லை. “ஃபிளாட்டுல பெயிண்ட் வாசம் அடிச்சா பக்கத்து ஊட்டுக்காரங்க வந்துருவாங்க. நான் அங்க வந்து என்னங்க பண்றது?” என்று என் மனைவியிடம் ஒரே ஒரு முறை கேட்டார். அவளும் அழுதுவிட்டாள். ஆனாலும் கார் ஓடாமல் அந்த வீட்டில் இருவரும் இருக்க முடியாது.

காரை வாங்குகிறவர் வருவதாக இருந்த வாரம் நாங்கள் போயிருந்தோம். காலைப் பலகாரம் முடிந்ததும் அத்தை ஊசிநூல் டப்பாவையும் தையல் டேப்பையும் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“ஏனுங் மாப்ள, வண்டி போறதுக்குள்ள அந்தப் பெடலை ஒருக்கா பாத்துக்கறனுங்க. வெள்ளைக் காரை அப்பிடியே அரைகொறையா உட்டுப்போட்டா மனசு கேக்காதுங்க.”

உறையை நீக்கினோம். ஓட்டுநர் பக்கக் கதவை நான்தான் திறந்துவிட்டேன். அத்தை சேலையை ஒதுக்கிக்கொண்டு, கோயில் படியில் கால் வைப்பது போல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினார். டேப் மடியிலேயே கிடந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தார். முன்கண்ணாடி வழியாக வாசலையும் வேப்பமரத்தையும் ரோட்டையும் பார்த்தார். அதே வாசல்தான். ஆனால் அங்கிருந்து பார்த்தால் நடுவில் யார் தலையும் மறைக்கவில்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். 

கதவுச் சத்தம் கேட்டு வாசலிலிருந்து மாமா குரல் கொடுத்தார்.

“ஆரது வண்டிக்குள்ள?”

“நாந்தானுங்க” என்றார் அத்தை. கொஞ்சம் பொறுத்து, “ஏனுங்க, இடது காலுக்கு ஒண்ணு இருக்குதுங்களே, அது எதுக்குங்க?” என்று கேட்டார்.

அத்தனை வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு கேள்வி மாமா காதில் விழுந்ததே இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது கிளச்சு. அத அமுத்துனாத்தான் கியர் விழும். நடுவுல பிரேக்கு. வலதுகைப் பக்கம் ஆக்சிலேட்டரு” என்று சொல்லிக்கொண்டே தரையில் கால்களை வைத்துக் காட்டினார். பிறகு இடது காலை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துத் தட்டினார். “அம்பாசிடருக்குச் செய்யறதுன்னா இன்னொண்ணு வெக்கோணும். கிளச்சுக்கு அக்கட்ட, தரையில ஒரு பொத்தான் இருந்துதல்லோ. எதுத்தாப்புல வண்டி வந்தா ஒரு தட்டு, லைட்டு டிம்மாயிரும்.”

“அட, அந்த டக்கு டக்குன்ற சத்தம் அதுதானுங்களா!” அத்தை வாய்விட்டுச் சிரித்தார். “ராத்திரி வாரப்பெல்லாம் பின்னாடி உக்காந்து கேட்டுட்டே இருப்பனுங்க. எங்கிருந்து வருதுன்னே தெரியாதுங்க.”

அதற்கப்புறம் மாமாவை நிறுத்த முடியவில்லை. எந்தத் திருப்பத்தில் எந்தக் கியர், மேட்டில் நின்றால் கைபிரேக்கை எப்படி விடுவது என்று தரையிலேயே வண்டி ஓட்டிக் காட்டினார். மதியம்வரை அத்தை வண்டியிலும் மாமா நாற்காலியிலுமாக இருவரும் ஏதோ ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என் மனைவி சமையலறையில் நின்று, அவர்கள் இவ்வளவு பேசித் தான் கேட்டதே இல்லை என்றாள்.

பெடல்களைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி, குண்டூசிகளில் நிறுத்தி, கிளட்சுக்கு அப்பால் ஒரு குண்டூசித் தலையையும் பதித்து அம்பாசிடரை முடித்தார் அத்தை. மாமா அதை வாங்கி, சுண்டுவிரல் நகத்தால் உள்ளே தடவி, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, கடைசியில் “டிம்மு” என்று நிறுத்தினார். அப்போதுதான் அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்.

“மாப்ள, டிரைவிங் ஸ்கூல்ல என்ற வயசுக்குச் சேத்திக்குவாங்களா?”

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் காரைக் கீழே வைக்கவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றோடு முடிந்திருக்கும். நகம் இன்னும் அந்தப் பெடல்களின் மேலேயே இருந்தது.

“வண்டி கேட்டு வார ஆளைச் சித்தெ பொறுக்கச் சொல்லுங்க மாப்ள” என்றார்.

அத்தை பழகிய கதை எங்கள் வீட்டில் இன்றும் சிரிப்புத்தான். ரோட்டைப் பாருங்கம்மா, மீட்டரைப் பார்க்காதீங்க என்று பயிற்சியாளர் கெஞ்சினாராம். அத்தைக்கு மீட்டரின் எழுத்து அமைப்பு அவ்வளவு பிடித்துவிட்டது. முதல் முறை லைசென்ஸ் தேறவில்லை, வண்டி மேட்டில் நின்றுவிட்டது. மச்சான் வீடியோவில் தலையில் கை வைத்துக்கொண்டான். மாமா அன்று மாலை முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கைபிரேக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த முறை தேறினார். அந்தச் சந்தோஷத்தில் அம்பாசிடரை எனக்கே கொடுத்துவிட்டார். ஃபிளாட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. டாக்டரிடம் கண்ணைக் காட்டுகிற நாளில் அத்தைதான் மாமாவைக் கோயமுத்தூருக்கு அழைத்து வருகிறார். சூலூரைத் தாண்டும்போது எதிர்ச் சத்தத்தை வைத்து “லாரி வருது, ஒதுங்கு” என்று மாமா சொல்வாராம். அத்தை ஒதுங்கியிருப்பார் ஏற்கெனவே.

போன மாதம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் கையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். அவருடைய சிவப்புக் கார், அதே ஒரு சாண் அளவில். இப்போது அது என் மேசையில் அம்பாசிடருக்குப் பக்கத்தில் நிற்கிறது. அன்று பெட்டியைப் பிரித்ததும் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மீட்டர் முள் இருந்தது, இண்டிகேட்டர் குச்சி இருந்தது, பெடல் ரப்பரின் வரிகள் இருந்தன, மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் செய்த, பின்னால் பார்க்கும் கண்ணாடி இருந்தது, அதில் ஒரு துளி வெளிச்சமும் இருந்தது. பழக்கதோஷத்தில் இடது பின் ஜன்னலைக் கண்ணோடு ஒட்டினேன். உள்ளே தையலும் இல்லை, ரெக்சினும் இல்லை, வெறும் வெள்ளை அட்டை. அத்தை எதையோ மறந்துவிட்டார் என்றுதான் முதலில் பட்டது.

“பின்னாடி ஒண்ணுமே இல்லீங்களே அத்தை” என்றேன்.

அத்தை நாற்காலியில், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். காரின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அங்க இப்பெல்லாம் நீங்கதானுங்களே உக்காருறீங்க மாப்ள. நீங்க பாத்துச் சொல்லுங்க, செஞ்சுபோடலாம்.”

வரும் ஞாயிறு பல்லடம் போகிறோம், அங்கிருந்து எல்லாருமாக அத்தையின் காரில் கோயிலுக்கு. அத்தை ஓட்டுவார், மாமா முன்னால். இடது பக்க ஜன்னலோரம் எனக்கு. தையல் டேப்பைச் சட்டைப்பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.