பாலு என்றால் பங்கு

மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை செய்யும் ஜெயம்மா டீச்சரின் தம்பி, பள்ளி வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வரவில்லை. "அக்கா போயிட்டாங்கம்மா. காய்ச்சல் எறங்கவே இல்ல" என்றார். பிள்ளைகள் டம்ளரோடு வரிசையில் நின்றிருந்தார்கள். டீச்சர் படுத்த நாளிலிருந்து அவருடைய கரண்டி என் கையில் இருந்தது. பால் ஊற்றி முடிக்கும்வரை என்னால் அழ முடியவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு அவர் பால் பவுடர் கரைக்கும் டீச்சர். அவர் சரித்திர ஆசிரியை என்பது அந்த மாலை வாசகசாலையில் இருந்த உங்களுக்குத் தெரியும்.

'அமெரிக்காவின் வெளிநாட்டுக் கொள்கையைக் குறை சொல்வது நியாயமா?' என்பது அன்றைய விவாதம். எங்கள் பள்ளிக்கு அமெரிக்காவிலிருந்து பால் பவுடர் வந்துகொண்டிருந்ததால், நியாயமில்லை என்று பேச அவரைத் தாளாளர் அனுப்பினார். அவரும் பேசினார். பஞ்சத்தில் வந்த கோதுமையைச் சொன்னார். சூயஸ் சண்டையை நிறுத்தும்படி தன் கூட்டாளி இங்கிலாந்தையே அமெரிக்கா நெருக்கியதைச் சொன்னார். "ஹங்கேரியில ரஷ்ய டாங்கி போனப்போ வாயத் தெறக்காதவங்க அமெரிக்கான்னா மட்டும் கூட்டம் போடறது நியாயமா?" என்று கேட்டார். எதிரே பேசிய வக்கீல் குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அதெல்லாம் இருக்கட்டும் டீச்சரம்மா, அமெரிக்கா பாலு எத்தினி?"

எத்தனை டம்ளர் குடித்துவிட்டு இப்படிப் பேசுகிறீர்கள் என்ற கேலி அது. ஆனால் அவர் வீட்டில் பேசுவது கன்னடம். அதில் பாலு என்றால் பங்கு. குடிக்கும் பாலுக்கு ஹாலு. உலகச் சச்சரவுகளில் அமெரிக்காவின் பங்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள் என எண்ணி, நியாயமாகவே பதில் சொன்னார்.

"அவங்க பாலு ஜாஸ்திதான். பாகிஸ்தானுக்குத் துப்பாக்கி கொடுத்தது அவங்க பாலு. கடல்ல குண்டு வெடிச்சு மீன் பிடிக்கறவங்க மேல சாம்பல் விழுந்ததும் அவங்க பாலுதான்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "ஹாலு, டீச்சர்" என்று அவர் காதில் சொன்னேன். முகம் சிவந்தது. ஆனாலும் அவர் உட்காரவில்லை. "ஹாலுக்கு நன்றி சொல்றேன். பாலுக்குக் கணக்குக் கேக்கறேன். ரெண்டுக்கும் எனக்கு ஒரே வாய்தான்" என்றார்.

மறுநாள் தாளாளர் என்னையும் வைத்துக்கொண்டே சொன்னார்: "தமிழ் புரியாம ஒளறிட்டேன்னு அங்கயே போய்ச் சொல்லிடுங்க. பால் நின்னா அந்தப் பாவம் உங்களுக்குத்தான்."

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்து ஓராண்டு ஆகவில்லை. தமிழ் புரியாது என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டவருக்குத் தமிழ்ப் பள்ளியில் என்ன வேலை? சொல்லாவிட்டால் நன்றி கெட்டவர். எல்லை தாண்டிக் கன்னடப் பக்கம் போனால் அங்கே அவர் மெட்ராஸ்காரி.

"தப்பு என் காதுலதானுங்க, பேச்சுல இல்ல. காதுக்கு வேணா மன்னிப்புக் கேக்கறேன்" என்றார் ஜெயம்மா டீச்சர்.

அவருடைய சரித்திர வகுப்புகள் பறிபோயின. அவருக்குப் பால் அண்டா, வகுப்புகள் எனக்கு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேலையை விட்டுவிட்டு நிற்க எனக்கும் இடமில்லை. நான் தயங்கியபோது, "போம்மா. நீ எடுக்கலேன்னா கணக்கு வாத்தியார் எடுப்பார். அக்பருக்கும் வட்டி போடுவார்" என்றார்.

பின்னொரு நாள் பால் பவுடர் விநியோகத்தைப் பார்க்க ஒரு அமெரிக்கர் வந்தார். தாளாளருக்கு வியர்த்துக் கொட்டியது. வந்தவர் கேட்டது ஒன்றே: தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கரைக்கிறீர்களா? அவர் போன பிறகு டீச்சர் சொன்னார்: "பாத்தியா, அவருக்கு நம்ம பேச்சே தெரியாது. என்னை இங்க நிறுத்தினது நம்மூர் ஆளு. இதை அவங்க பாலுல சேக்கக்கூடாது."

வகுப்பு அவருக்குத் திரும்பவே இல்லை. சமையல் கொட்டகை என் வகுப்பு ஜன்னலை ஒட்டியது. ஏதாவது ஒரு நாட்டின் மேலேயே எல்லாப் பழியையும் போட்டு நான் பாடத்தை முடித்தால், வெளியே கரண்டி அண்டாவில் தட்டும். நான் மறுபடி தொடங்குவேன்.

இரங்கல் கூட்டத்தில் வாசகசாலைப் பேச்சை எடுக்கக் கூடாது என்று தாளாளர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் வாசகசாலையின் இந்தக் குறிப்பேட்டில் எழுதுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கன்னடச் சொல். நேற்று வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளை டம்ளரை நீட்டி, "டீச்சர், எம் பாலு?" என்றது.

எனக்கு இப்போது இரண்டும் கேட்கிறது.