பக்கத்து ஆளுக்கு எங்கே வலிக்கிறது?

விசில் என்று எல்லாரும் கூப்பிடும் பழைய படைக்காரர் ஊரை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பெட்டியும் கையுமாக நேரே ஆஸ்பத்திரி எலும்புப் பிரிவுக்கு வந்து, இரண்டாவது நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். டாக்டரம்மா அவர் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. வழக்கம்போல முதலில் ஷூவைக் கழற்றி வாங்கி, தலைகீழாகக் கவிழ்த்து, நாலு விரலால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"குதிகால் வெளிப்பக்கமா தேஞ்சிருக்கு. முட்டிய மடக்காம நடக்கறீங்க."

"அது பரேடு நடைம்மா."

"பரேடு கலைஞ்சு முப்பது வருஷம் ஆச்சுண்ணே."

முகம் பொய் சொல்லும், எக்ஸ்ரே பாதிதான் சொல்லும், ஷூவின் அடிப்பாகம் மட்டும் மூச்சு விடாமல் உளறிக் கொட்டும் என்பது டாக்டரம்மாவின் கட்சி. நோயாளிகள் எல்லாரும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஷூவை முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வருவார்கள். அடியில் பாலிஷ் போட முடியாது என்பதுதான் டாக்டரம்மாவின் பிழைப்பு.

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். ஏன் பகுதி நேரம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருப்பார். நிர்வாகியிடம், "நான் இல்லாட்டி வீட்டுக்காரருக்கு ஒரு வேலையும் ஓடாது." வீட்டுக்காரரிடம், "ஆஸ்பத்திரியில அவ்வளவுதான் இடம்." தலைமை நர்ஸிடம், "செடி வளக்கறேன்." அவர் வீட்டில் இருப்பது ஒரே ஒரு செடி. அதுவும் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றுவதால் உயிரோடு இருக்கிறது.

உண்மை வேறு. வலது கட்டை விரலின் அடி மூட்டு தேய்ந்துவிட்டது. வாரம் முழுக்க வேலை பார்த்தால் விரல் பழுக்கக் காய்ச்சிய ஆணி மாதிரி ஆகிவிடும். அறுவை அறையில் சுத்தியல் பிடிக்கும் கட்டம் வந்தால், "நீ எப்பதான் கத்துக்கறது?" என்று இளைய டாக்டரின் கையில் கொடுத்துவிடுவார். ஊரே பார்க்கும்படி முழுப் பெயரையும் எழுதிய கையெழுத்து இப்போது ஒரு சுழியும் ஒரு கோடுமாகச் சுருங்கிவிட்டது. இதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

படைக்காரர்களுக்கு வரும் வியாதிகள் நூறு இருக்கலாம். சொல்லும் அறிகுறி ஒன்றுதான்: "ஒண்ணும் இல்ல டாக்டரம்மா." உடைந்த கணுக்காலோடு பதினோரு நாள் மாடி ஏறி இறங்கிய ஒருவர், "லேசா ஒரு பிடிப்பு" என்றார். வலியை அளக்க ஆஸ்பத்திரியில் ஒரு தாள் உண்டு. பூஜ்யத்துக்குச் சிரிக்கிற முகம், பத்துக்கு அழுகிற முகம், நடுவில் படிப்படியாக வாடும் முகங்கள். எல்லாரும் சிரிக்கிற முகத்தையே வட்டம் போட்டுக் கொடுப்பார்கள். பழைய லாரி டிரைவர் ஒருவர், தன் சாடையில் இருக்கட்டும் என்று அந்த முகத்துக்கு மீசையும் வரைந்து கொடுத்தார்.

இவர்களிடம் எப்படி உண்மையைக் கறப்பது என்று டாக்டரம்மா தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், வாசலில் முறைக்குக் காத்திருந்த ஆள், உள்ளே "ஒண்ணும் இல்ல" என்றவரை எட்டிப் பார்த்து, "அண்டப் புளுகு! சாக்ஸ் மாட்ட அவனுக்குக் கால் மணி நேரம் ஆகுது!" என்று கத்தினார். டாக்டரம்மாவுக்குப் பொறி தட்டியது. தன் வலியைச் சொல்வது இவர்களுக்குக் கோழைத்தனம். பக்கத்து ஆளின் வலியைச் சொல்வது கடமை. அந்த வாரமே அறையில் இரண்டாவது நாற்காலி வந்தது. அன்றிலிருந்து ஜோடி ஜோடியாகத்தான் உள்ளே விடுவார். கேள்வியும் ஒன்றுதான்: "பக்கத்து ஆளுக்கு எங்க வலிக்குது?"

ஒரு நேரத்தில் ஒரு நோயாளி என்பதே விதி என்று நிர்வாகி சுற்றறிக்கை அனுப்பினார். "இவர் நோயாளி, அவர் துணைக்கு வந்தவர். அவர் நோயாளி, இவர் துணைக்கு வந்தவர்" என்று டாக்டரம்மா பதில் எழுதினார். நிர்வாகி அதை மூன்று முறை படித்துவிட்டுக் கோப்பில் போட்டுவிட்டார்.

ஜோடிகளிலேயே முதல் தரம் விசிலும் கரண்டியும். விசில் பயிற்சி முகாமில் நடை பழக்கியவர். கழுத்தில் இன்னும் அந்த ஊதல் தொங்கும். கரண்டி அதே முகாமின் சமையல்காரர். இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் ஓய்வு பெற்றோர் சங்கத்தில் நாற்பது பேருக்கு ஒற்றை ஆளாக மதியச் சாப்பாடு போடுகிறார். பதினோரு வருடமாக இருவரும் ஒருவரை ஒருவர் போட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள்.

"இவன் படியிறங்கும்போது பக்கவாட்டுல இறங்கறான், நண்டு மாதிரி."

"நீ மட்டும்? உக்காந்தா எந்திரிக்க மேசைக்கிட்ட மனு போடற."

"உன் சாப்பாட்டத் தின்னுதான்டா எனக்கு முட்டி போச்சு."

"தட்டு தட்டா வாங்கித் தின்னுபுட்டுப் பேசுது பாருங்க டாக்டரம்மா!"

டாக்டரம்மா இடையில் புகாமல் எழுதிக்கொண்டே போவார். அதைவிடத் துல்லியமான நோய்க் குறிப்பு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை விசில் மகள் வீட்டோடு இருக்கத் தொலைதூரம் கிளம்பிக்கொண்டிருந்தார். கரண்டியின் இடது இடுப்பு எக்ஸ்ரே வெளிச்சப் பலகையில் தொங்கியது. பந்துமூட்டு உருண்டையாகவே இல்லை, எலி கடித்த மாதிரி இருந்தது. ஒரு வருடத்துக்குள் மாற்றியாக வேண்டும். தள்ளிப்போட்டால் புது மூட்டைப் பிடித்துக்கொள்ளக்கூட எலும்பு மிஞ்சாது. ஆனால் அறுவைப் பட்டியலைப் போடும் குழு எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து முன்னால் இடம் தராது. வலி ஏழுக்கு மேல் என்று நோயாளி எழுத வேண்டும், அல்லது துணைக்கு வந்தவர் சொல்ல வேண்டும். கரண்டி சிரிக்கிற முகத்துக்கு ஏற்கெனவே வட்டம் போட்டாயிற்று.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "சொல்லுங்கண்ணே. பக்கத்து ஆளுக்கு எங்க வலிக்குது?"

விசில் கரண்டியைப் பார்த்தார். கரண்டி தன் ஷூவைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. நல்லாத்தான் இருக்கான்."

பதினோரு வருடத்தில் முதல் பொய். விசில் எழுந்து, ஒரு சல்யூட் அடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மடங்காத முட்டியோடு ரயிலுக்குப் போய்விட்டார். விடைபெறும் பரிசாக அந்தப் பொய்யைக் கரண்டி முந்தின நாளே கேட்டு வாங்கியிருக்கிறார் என்பது டாக்டரம்மாவுக்கு உடனே புரிந்தது. காரணமும் தெரிந்ததுதான். அறுவை என்றால் நான்கு மாதம் அடுப்பங்கரைப் பக்கம் போகக் கூடாது.

"நாலு மாசம்னா சும்மாவா?" என்றார் கரண்டி. "அடுப்ப வேற எவனாச்சும் பிடிச்சுக்குவான். அப்புறம் நான் வரிசையில நின்னு தட்டு நீட்டணும்."

"அடுத்த வருஷம் நிக்கவே முடியாதுண்ணே."

"ஒண்ணும் இல்ல டாக்டரம்மா."

டாக்டரம்மா விடவில்லை. லாரி டிரைவரை ஜோடி சேர்த்துப் பார்த்தார். "ஆளு மான் மாதிரி துள்ளி ஓடறாரு" என்றார் அவர். பழைய கம்பவுண்டர், "இடுப்பா? இரும்பு!" என்றார். எல்லாரும் வெள்ளிக்கிழமை கரண்டி கையால் சாப்பிடுகிறவர்கள். வாயைத் திறந்தால் அடுத்த வாரம் தட்டில் என்ன விழும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தச் சாப்பாட்டைப் பதினோரு வருடமும் திட்டிக்கொண்டே சாப்பிட்ட விசில் ஒருவருக்குத்தான் பயமில்லாமல் இருந்தது.

ஷூவாவது பேசும் என்று டாக்டரம்மா காத்திருந்தார். கரண்டி ஒவ்வொரு முறையும் புது அடி தைத்துக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் பளபளவென்று புது ஜோடியே வாங்கி, விலைச் சீட்டைக்கூடப் பிய்க்காமல் போட்டு வந்தார். சாட்சியைக் கலைக்கிறவன் இப்படியா செய்வான் என்று டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

வீட்டில் அன்று ஊறுகாய் பாட்டிலோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்து வாங்கித் திறந்தார்.

"கை வலிக்குதா?"

"ஒண்ணும் இல்ல."

சொன்ன வேகம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ஊறுகாயை எடுத்துக்கொண்டு அந்த நினைப்பை மூடிவைத்துவிட்டார்.

இப்படியே எட்டு மாதம் ஓடியது. இரண்டாவது நாற்காலியில் கரண்டிக்குத் துணையாக யாரும் உட்காரவில்லை. கரண்டி இப்போது வாசலிலிருந்து மேசைக்கு வருவதற்குள் சுவர், அலமாரி, எடை பார்க்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றையும் நலம் விசாரிப்பது போலத் தொட்டுத் தொட்டு வந்தார். பட்டியலில் அவர் பெயர் கடைசியில், மூலவியாதிக்காரருக்கும் கீழே கிடந்தது.

அப்படி அவர் வந்து உட்கார்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலைமை நர்ஸ் ஆஸ்பத்திரிக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"மேடம், விசில் சார் பேசிப் பதிவு பண்ணி அனுப்பியிருக்காரு. நாலு நிமிஷம்!"

மேசையில் வைத்து ஒலிக்கவிட்டார். முதலில் காதைக் கிழிக்கிற ஊதல் சத்தம். அறையில் இருந்த மூவரும் விறைப்பாக நிமிர்ந்தார்கள்.

"டாக்டரம்மா, வணக்கம். அன்னிக்குப் போறப்ப பொய் சொல்லிட்டேன். இப்பத் திருத்திக்கறேன். துணைக்கு வந்தவன்ங்கற முறையில எழுதிக்குங்க. பக்கத்து ஆளுக்கு இடது இடுப்பு. பத்துக்கு ஒம்பது. ஒண்ணு கொறச்சது அவன் மானத்துக்காக. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பேசறான். 'இருடா உக்காந்துக்கறேன்'னு சொல்லி உக்கார்றதுக்குள்ள நான் டீயே குடிச்சு முடிச்சிடறேன்."

"துரோகி!" என்றார் கரண்டி, கைப்பேசியைப் பார்த்து.

"திட்டறான், தெரியும்" என்றது கைப்பேசி. "டேய் கரண்டி, கேளு. எட்டு மாசமா சங்கத்துச் செயலாளர் உசுர வாங்கி எழுத்துல வாங்கிட்டேன். நீ திரும்பி வர்ற வரைக்கும் அடுப்ப யாரும் பத்த வெக்க மாட்டாங்க. நாப்பது பேருக்கும் ரொட்டியும் பழமும்தான். அடுப்படிச் சாவி என் பேருக்குத் தபால்ல வந்தாச்சு. என் தலைகாணிக்கு அடியில இருக்கு. போய்ப் படுடா."

கரண்டி, ஆஸ்பத்திரிக்கு மட்டும் போட்டு வரும் புது ஷூவின் விலைச் சீட்டை மெல்லப் பிய்த்து உருட்டினார். டாக்டரம்மா படிவத்தில் ஒன்பது என்று எழுதினார். கைப்பேசியை அணைக்க நர்ஸ் கை நீட்டியபோது மறுபடி குரல் வந்தது.

"இன்னொரு ரிப்போர்ட் பாக்கி. டாக்டரம்மாவுக்கு வலது கட்டை விரல். ஷூவக் கவுக்கறப்ப நாலு விரல்தான் வேலை செய்யுது. அஞ்சாவது, பரேடுக்கு லேட்டா வந்தவன் மாதிரி ஓரமா நிக்குது. நாலு வருஷமாப் பாக்கறோம். நானும் கரண்டியும் பேசி வெச்சிருந்தோம், அவங்களாச் சொல்லட்டும்னு. சொல்ல மாட்டாங்க போல. என் முட்டிக்கு ஒண்ணும் இல்ல. முடிஞ்சுது."

ஊதல்.

"ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா. கரண்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, கரண்டிக்குத் துணையாக எட்டு மாதமாக யாரும் உட்காராத அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். தலைமை நர்ஸ் டாக்டரின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, புதிதாக ஒரு தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"பக்கத்து ஆளுக்கு எங்க வலிக்குது?"

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. கரண்டியின் கை டாக்டரம்மாவின் கட்டை விரலைக் காட்டியது. டாக்டரம்மாவின் கை, விரலை மறைக்காமல், கரண்டியின் இடுப்பைக் காட்டியது.