ஒரே பெயரில் இரண்டு பேர்

எனக்கும் என் மாமாவின் மகளுக்கும் ஒரே பெயர். எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்கு அதுதான் பெயர். கோயிலின் பாதுகாவலியான புனிதையின் பெயரை வைக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று பயம். எங்கள் இருவரின் புருஷன்மாருக்கும்கூட ஒரே புனிதரின் பெயர்தான். ஆனால் அவளை மட்டும் எல்லாரும் ‘மிஸ்’ என்பார்கள். இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில் கொம்பியூட்டர் படித்துவிட்டு வந்தவள். நான் இடம்பெயர்ந்த இடத்திலேயே எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். மன்னாரில், அரசாங்கத்தின் மீள்குடியேற்றக் கந்தோரில், மின்விசிறிக்குக் கீழே சுழல்கதிரையில் அவள் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அப்போதுதான் ஊர் திரும்பியவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வீட்டுத்திட்டம் வந்தது. தறப்பாளால் கூரை போட்ட கொட்டிலில் இருந்த எனக்கு, எங்கே பெயர் விடுபட்டுப்போகுமோ என்று ஒரே பதற்றம். கிராம சேவகரிடம் பதிந்தேன். கோயிலில் பதிந்தேன். அதுவும் போதாதென்று கந்தோருக்கே போயும் பதிந்தேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்தார்கள்.

வீடு கிடைத்தவர்களின் பெயர்களைக் கந்தோர்ச் சுவரில் ஒட்டினார்கள். எங்கள் பெயரும் புருஷன் பெயரும் சேர்ந்து ஒரேயொரு தரம்தான் இருந்தது. அதற்கு நேரே அவளுடைய விலாசம்.

வேண்டுமென்றே வெட்டிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். உள்ளே போய்ச் சத்தம் போட்டேன்.

“ஏன்டி, மிஸ் ஆனவுடன சொந்தம் கண்ணுக்குத் தெரியேல்லையோ? என்ர பெயரை எங்க போட்டனி?”

“கத்தாதையுங்கோ மச்சாள், இதில இருங்கோ.” திரையை என் பக்கம் திருப்பினாள். “எல்லாரும் மூண்டு நாலு இடத்தில பதிஞ்சு வச்சிருக்கிறியள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருது. அதை வெட்ட ஒரு புரோகிராம் எழுதினனான். மேலயிருந்து ஒவ்வொரு பெயரா எடுத்துக்கொண்டு போகும். முன்னமே கண்ட பெயரெண்டால் தள்ளிப்போடும்.”

“அப்ப நான்?”

விரலைத் திரையில் வைத்துத் தேடியவள் நாக்கைக் கடித்தாள். “ஐயோ! பெயரையும் புருஷன்ர பெயரையும்தான் பாக்கச் சொல்லியிருக்கிறன். என்ர பெயர் மேல கிடக்கு. உங்கட மூண்டு பதிவையும் நானெண்டு நினைச்சுத் தள்ளிப்போட்டுது.”

மூன்று இடத்தில் பதிந்தும் ஒன்றாவது மிஞ்சவில்லை. கொம்பியூட்டருக்கும் அவள்தான் ஆள். நான் அவளுடைய மிச்சம்.

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். “இப்பிடி வெட்டினால் உங்கட ஊருக்கு நாலு வீடுதான் மிஞ்சும், மிஸ்.”

அவள் ஒரு வரியை அழித்து வேறொன்றை எழுதினாள். “இனிப் பெயரைப் பாராது. அடையாள அட்டை இலக்கத்தைத்தான் பாக்கும்.” ஒரு தட்டு. என் மூன்று பதிவும் ஒன்றாகி, அவளுடைய பெயருக்குக் கீழே வந்து நின்றது.

“இன்னொருக்காச் செய்து காட்டு,” என்றேன். காட்டினாள். “இன்னொருக்கா.”

“எத்தினை தரம் செய்தாலும் நீங்கள் ஒராள்தான் மச்சாள்!”

புதுத் தாளை ஒட்டும்வரை நான் அசையவில்லை. வீடு வந்துவிடும் என்று நெஞ்சு கொஞ்சம் ஆறியது. ஆனால் நான் வெயிலில் அலைந்தும் நடக்காத காரியத்தை அவள் கதிரையை விட்டு எழும்பாமலே முடித்துவிட்டாளே! வாசல்வரை போனவள் திரும்பி வந்தேன்.

“அடியே, என்ர பெயரை மேல போடேலாதோ?”