ரயில்வே கேட்டில் வந்த சிரிப்பு

என் கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. காரை விரட்டுவதில் பைத்தியம். எங்கள் சின்னக் காரின் பின்சீட்டுக்குப் பின்னால் நைட்ரஸ் சிலிண்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தார். அந்த வாயுவை இன்ஜினுக்குள் கொஞ்சம் விட்டால் கார் சீறும்.

ஒரு மத்தியானம் வடலூர் போகும் வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் நிலக்கரி லாரிகள் ஒட்டி நின்றன. கதவைத் திறக்க இடமில்லை. கரித்தூசிக்குப் பயந்து, எங்கள் சுரங்க டவுன்ஷிப்காரர்கள் எல்லோரையும் போல, கண்ணாடிகளை முழுக்க ஏற்றியிருந்தோம்.

பின்னால் 'உஸ்' என்று சத்தம். லேசான இனிப்பு வாசனை. அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"எதுக்குங்க சிரிச்சிகினு இருக்கீங்க?"

"தெரியலம்மா..."

எனக்கு உதடு மரத்தது, கண் இருட்டியது. வெயிலில் சூடேறி சிலிண்டர் கசிகிறது, சிரிக்க வைத்தே மயக்கும் வாயு அது என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியை இறக்கப் போனேன்.

"எறக்காத, தூசி வரும்!" என்று சிரித்தபடியே கையைப் பிடித்துக்கொண்டார்.

உதறிவிட்டு இறக்கினேன். கரித்தூசியோடு காற்றும் வந்தது. தெளிந்ததும் அவரே வால்வை மூடினார். அன்றே சிலிண்டரைக் கழற்ற வைத்தேன்.

இப்போது காரில் ஏறினால் என் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சமாவது இறக்கிவிடுவேன். வீட்டுக்கு வந்து முகம் துடைத்தால் கைக்குட்டை கறுப்பாகிறது. அதைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.