அக்கா குரல்ல நான் பேசுன பேச்சு

எம்.எல்.ஏ. அக்காவுக்காக இந்தத் தொகுதியிலேயே மொதமொதல்ல ஜெயிலுக்குப் போன ஆம்பள நான்தான்.

பொய். போனது அவங்க. பதினோரு நாளு. அந்தப் பதினோரு நாளும் நான் வீட்ல சுண்டவத்தக் கொழம்பு ஊத்தி மூணு வேளையும் தின்னுக்கிட்டுக் கெடந்தேன். ஒரு நாள் மட்டும் சோறு எறங்கல. அதுவும் அஜீரணம்.

நான் மைக்செட்காரன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம், எதுன்னாலும் கொழா ஸ்பீக்கரத் தூக்கிக் கட்டிருவேன். மூணாங்கிளாஸ்ல வாத்தியாரு மாதிரியே பேசிக் காட்டுனேன், அவரு எம்பின்னாலயே நின்னுட்டாரு. அத்தோட படிப்பு முடிஞ்சுது. இப்ப கோர்ட்டு வராந்தாவுல உக்காந்து இத எழுதுறேன். "உள்ள போனா நீங்க ஒளறுவீங்க, நடந்தத மொதல்ல ஒரு தாள்ல எழுதிப் பாருங்க"ன்னு வக்கீலம்மா பேனாவக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. எழுத்து சேத்துல நண்டு ஓடுன மாதிரி இருக்கு.

நடவு நடுற பொம்பளைக்கும் ஆம்பளைக்குச் சமமா கூலி குடுக்கணும்னு சட்டசபையில பேசுனவங்க அக்கா. அப்ப அவங்க கட்சிக்காரனுங்களே கை தட்டுனானுங்க. அப்பறம் எங்க ஊரு ரைஸ்மில்லுல நெல்லு அவிக்கிற பொண்ணு ஒண்ணு, மொதலாளி கைய வச்சாருன்னு அழுதுக்கிட்டு வந்துச்சு. அக்கா அதக் கூடவே கூட்டிட்டுப் போயி ஸ்டேஷன்ல புகார் எழுத வச்சாங்க. மொதலாளியும் அக்கா கட்சிதான். அன்னையோட கைதட்டு நின்னுபோச்சு. மேடையில அக்காவுக்கு நாற்காலி போட மாட்டானுங்க. ரெண்டு தடவ ஆம்ளிபயர் வைக்கிற ஸ்டூல நான்தான் எடுத்துக் குடுத்தேன். பொம்பளைங்க உரிமைக்கு நான் பண்ண போராட்டம் அந்த ஸ்டூலு மட்டுந்தான்.

அக்கா எங்கயும் சொன்ன நேரத்துக்கு வர முடியாது. நீடாமங்கலம் ரயில்வே கேட்ட மூடுனானுங்கன்னா முதலமைச்சர் ஆனாலும் நின்னுதான் ஆவணும். இங்க நடவாளுங்க, "அக்கா வந்தாத்தான் கரையேறுவோம்"னு குனிஞ்ச தல நிமிராம நட்டுக்கிட்டே இருப்பாங்க. கூட்டம் எப்புடிச் சேரும்? அதுக்கு நான் ஒரு வழி வச்சிருந்தேன். வேனுக்குள்ள உக்காந்துக்கிட்டு அக்கா கொரல்ல, "தங்கச்சிங்களா, வந்துட்டேன், கரையேறுங்க"ம்பேன். காலக் கழுவிட்டு வரப்பு ஏறி அவங்க வர்றதுக்கும் அக்கா காரு வர்றதுக்கும் சரியா இருக்கும். அக்காவுக்கும் இது தெரியும். "எனக்கு முன்னாடியே நான் வந்துடுறேன்போல தம்பி"ன்னு சிரிப்பாங்க.

வாய்க்காங்கரை ஒயின்ஷாப்ப மூடச் சொல்லி ஒரு நாள் மறியல் வச்சாங்க. அத ஒட்டி உக்காந்து குடிக்கிற பாரு ரைஸ்மில் மொதலாளியோடது. கடை இன்னும் தொறக்கல. அக்கா கேட்டுல மாட்டிக்கிட்டாங்க. நான் அக்கா கொரல்ல கரையேறச் சொல்லிப் பொம்பளைங்களக் கூப்ட்டு அரைமணி நேரம் ஆச்சு. கத்திரி வெயிலு. "எங்கடா மைக்கு, அக்காவக் காணும்?"னு ஒரு கெழவி வேனத் தட்டுச்சு. "போன்லயே மைக்குல பேசுவாங்க இரு ஆயா"ன்னேன். பேச வேண்டியதுதான் பாக்கின்னு மைக்கப் புடிச்சு அக்கா கொரல்ல எடுத்து வுட்டேன். "தங்கச்சிங்களா, பூட்டப் பாத்துக்கிட்டேவா நிப்பீங்க? ஒடச்சுப் போடுங்கடி, நான் பாத்துக்கறேன்!"

சிரிப்பாங்கன்னு நெனச்சேன். ஒருத்தியும் சிரிக்கல. கல்லத் தூக்கிட்டாங்க.

எவனோ அதப் போன்ல புடிச்சு வாட்ஸப்புல போட்டான். எம்.எல்.ஏ. தூண்டிவுட்டு அரசாங்கக் கடைய ஒடச்சாங்கன்னு கேஸு. "நான் ரயில்வே கேட்டுலல்ல நின்னேன்"னாங்க அக்கா. போன் வழியா மைக்குல பேசுனாங்கன்னு போலீஸ்ல எழுதிட்டானுங்க. அந்த ஐடியாவும் நான் குடுத்ததுதான். ஸ்டேஷன்ல பொம்பளைங்களக் கேட்டப்ப நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னாங்களாம், "எங்க அக்காதான் சொன்னாங்க, தைரியமா எழுதிக்கங்க"ன்னு. பெருமையாச் சொல்றதா நெனச்சு அக்காவ உள்ள தள்ளிட்டாங்க.

ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடி, அக்கா அந்தப் பதிவ மொதத் தடவ கேட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். என்னைய ஒரு பார்வ பாத்தாங்க. நான் ஒயரச் சுத்துனேன். நல்லா இருந்த ஒயர அவுத்து அவுத்துச் சுத்துனேன்.

மறுநாளு மொதலாளி கூப்ட்டுவுட்டாரு. "எம்.எல்.ஏ. அம்மா நல்லாப் பேசுனாங்கள்ல மைக்கு?"

"ஆமாங்க."

"இந்த வருசம் திருவிழா பத்து நாளும் உன் செட்டுதான்."

"சரிங்க"ன்னேன். ஆளு ரொம்ப ரோசக்காரன் நானு.

ஜாமீன்ல வந்த பின்னாடி பாபநாசத்துல அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல்ல ஒரு காரு கெடையாது. முன்னெல்லாம் செருப்பு விட எடம் இருக்காது.

"ஏங்க்கா எம்பேரச் சொல்லல?"

"சொன்னா உன்னத் தூக்கிட்டுப் போவாங்க. என்னைய அடிக்கணும்னா நாலு பேரக் கேக்கணும். உன்ன அடிக்க யாரக் கேக்கணும்?"

நான் அழுதேன். அழுகையாவது சொந்தக் கொரல்ல வந்துச்சு.

"மூக்கத் தொடச்சுக்க. தண்டனை வந்தா பதவி போயிரும், போனாப் போவுது. ஆனா மில்லுப் பொண்ணு தனியா நிப்பா. ரெண்டு தடவ வீட்டுக்கே போயி மெரட்டிட்டாங்க. அதான் தூக்கம் வரல."

"எம்மேல கோவம் இல்லியாக்கா?"

"பாத்தாலே பத்திக்கிட்டு வருது. டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு."

அதுக்கப்பறமும் ரெண்டு மாசம் ஆச்சு எனக்கு. திருவிழா முடியட்டும்னு இருந்தேன். மறைக்க என்ன இருக்கு? பத்து நாளும் சாமி பாட்டுப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். எம்பொண்டாட்டி சோத்தப் போட்டுட்டு நேராக் கேட்டா, "உங்கொரல உன்னுதுன்னு சொல்றதுக்கு எத்தன மாசம்யா வேணும்?"

இன்னிக்கு மாஜிஸ்ட்ரேட்டுக்கிட்ட வாக்குமூலம். சொன்னா கேஸு எம்மேல திரும்புமான்னு கேட்டேன். "திரும்பலாம்"னாங்க வக்கீலம்மா. பொய் சொல்லத் தெரியாத வக்கீலாப் பாத்துப் புடிச்சிருக்காங்க அக்கா.

எதிர்த்த வேப்பமரத்தடியில கல்லத் தூக்குன பொம்பளைங்க பூரா உக்காந்திருக்காங்க. அவங்களுக்கும் இன்னிக்கு வாய்தா. விசயத்தக் காலையிலதான் சொன்னேன். "கட்டையில போறவனே, நாங்க அக்கான்னு நம்புனோம்டா"ன்னு வேனத் தட்டுன கெழவி மண்ண வாரித் தூத்துச்சு. மத்தவங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. மண்ணே தேவலாம்.

அக்கா கொரல்ல பேசிக் காட்டுன்னு மாஜிஸ்ட்ரேட் ஐயா கேட்டா என்ன பண்றதுன்னு வேற பயமா இருக்கு. ஒரு வாரமா கொல்லையில நின்னு பேசிப் பாக்குறேன், அக்கா கொரலு வர மாட்டேங்குது. போதாக்கொறைக்கு நேத்து சாயங்காலம் மொதலாளி காரு எங்க வாசல்ல வந்து நின்னுச்சு. கண்ணாடிய எறக்கி, எம்பொண்டாட்டிய ஒரு பார்வ பாத்துட்டு, எங்கிட்ட மெதுவா என்ன சொன்னாருன்னா…

டவாலி எம்பேரக் கத்துறாரு. ரெண்டாவது தடவயாம், வக்கீலம்மா ஓடியாறாங்க. இந்தா, வந்துட்டேங்க.