அக்கா எழுதினால் அப்ரூவ்

எங்கட தொழிலில ஒருத்தருக்குக் கதவுத் திறப்புக் குடுத்தால் நன்றி சொல்லமாட்டினம். திருப்பி வாங்கினால் மட்டும் பரம்பரையையே இழுத்துத் திட்டுவினம். உந்த வேலையில கிடந்து அவியிற சீவன்களே, உங்களுக்கு நான் புதுசா ஒண்டும் சொல்லப் போறதில்லை. மற்றவைக்குத்தான் இந்த விளக்கம். நாங்கள் சின்னக் கடையளுக்கு வெப்சைட் நடத்திற ரொறன்ரோக் கொம்பனி. எங்கட சாமான் எல்லாம் கிளவுட்டில, அதாவது வேற ஆற்றையோ கட்டடத்தில வாடகைக்கு எடுத்த கொம்பியூட்டருகளில. அதுக்குள்ள ஆர் எந்தக் கதவைத் திறக்கலாம் எண்டு முந்தி நான் கையால தட்டித்தட்டிக் குடுத்தனான். பிறகு அதையெல்லாம் கொம்பியூட்டருக்கு விளங்கிற கோட் வரியளா எழுதத் தொடங்கினம். நான் எழுத, இன்னொராள் வாசிச்சு அப்ரூவ் அடிக்க, எழுதினபடி கதவுகள் திறக்கும், பூட்டும்.

சண்டை முடிஞ்சு, பாதை திறந்து, ஸ்காபரோவில பாதிச் சனம் ஊருக்குப் பறந்துகொண்டிருந்த காலம். வன்னியில நிண்ட என்ர தங்கச்சி உயிரோட இருக்கிறாளோ எண்டு தெரியாமல் மாசக்கணக்கா விசரி மாதிரித் திரிஞ்சனான். இருந்தாள்! முகாமால வெளிய வந்து, கொஞ்சம் கொஞ்சமாக் கிளிநொச்சியில வீடும் கட்டி, குடிபூரலுக்கு நாளும் வைச்சிட்டாள். எனக்குக் கால் நிலத்தில நிக்கேல்லை. ஓடிப்போய் லீவு கேட்டன். மனேஜர் டேவ் தங்கமான மனுசன். ஆனால் திறப்பெல்லாம் என்ர மண்டைக்குள்ள கிடந்தால் ஆர்தான் விடுவினம்? சிரிச்சுக்கொண்டே சொன்னார்: "நோ கோட், நோ லீவ்."

சும்மா இருக்கட்டும்

ஆர் ஆருக்கு எந்தக் கதவு தேவை எண்டு மேசை மேசையாக் கேட்டுக்கொண்டு போனன். ஐயோ, அந்தக் கூத்தை என்னெண்டு சொல்ல! பாக்கத் தேவையில்லாதவைக்குத்தான் எல்லாத்தையும் பாக்க ஆசை. படம் கீறிற பெட்டைக்குச் சம்பளக் கணக்கு வைச்சிருக்கிற கதவு வேணுமாம். விற்பனைப் பகுதிக்காரர் அஜின்கோர்ட்டில வாங்கின மட்டன் ரோல்ஸ் பையோட வந்து நிண்டார். ரோல்ஸை வாங்கிச் சாப்பிட்டிட்டு, கதவைக் குடுக்கேல்லை.

எல்லாரையும் வெண்டது ராஜேஷ். சென்னைக்காரன், கெட்டிக்காரன், வடிவா வேலை செய்வான். "உமக்கு என்னென்ன வேணும், சொல்லும்" எண்டன். யோசிக்கவே இல்லை, எல்லாக் கதவையும் திறக்கிற திறப்பையே கேட்டான். "அட்மினே குடுத்துடுங்க மேடம். யூஸ் பண்ணவே மாட்டேன். சும்மா இருக்கட்டும், ஒரு தைரியத்துக்கு."

தந்ததைத் திருப்பிக் கேக்கிறது

வாடிக்கையாளர் பகுதியில வேலை செய்யிற சுமதி அன்ரி வோபர்னில இருந்து பஸ்ஸில வாறவ. ஒரு மத்தியானத்துக்கு மட்டும் அவவுக்கு ஒரு கதவு தேவைப்பட்டுது. எழுதிக் குடுத்தன். பின்னேரம் அந்த வரியை எடுத்துவிட்டன். கதவு பூட்டுப்பட்டுது. எங்கட தொழில் ஆக்களுக்கு அது வேலைமுறை. அன்ரிக்கு அது மானப் பிரச்சினை.

அடுத்தநாள் என்னோட கதைக்கேல்லை. அதுக்கடுத்த நாளும் இல்லை. கடைசியாச் சமையலறையில ரீ போடேக்குள்ள மறிச்சு, "அன்ரி, இது உங்களில சந்தேகமில்லை, எல்லாருக்கும் உதுதான்" எண்டு தாளம் போட்டன். கரண்டியைக் கீழ வைச்சிட்டு என்னை மேலும் கீழும் பாத்தா. "பிள்ளை, குடுத்த சாமானைப் பின்னேரமே வந்து திருப்பிக் கேக்கிற வழக்கம் எங்கட பக்கத்தில இல்லை."

கடை பூட்டு

இனித்தான் பெரிய கோதாரி. நான் எழுதிறதுக்கு அப்ரூவ் அடிக்கிறவர் கேதீஸ். மட்டக்களப்பார், ரண்டு பிள்ளையளின்ர தகப்பன், ரூஜ்ஜில வீடு. சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத மனுசன். "கோட்டில பேரில்லாத எல்லாருக்கும் பூட்டு" எண்டு ஒரு வரி எழுதினன். ஒபீஸில உள்ள அவ்வளவு பேரையும் கவனமா எழுதினனான். எழுதினதை ஓடவைக்கிற மெசினுக்கும் ஒரு எக்கவுண்ட் இருக்கெண்டதை மறந்துபோனன். ஆனைக்கும் அடி சறுக்கும். கேதீஸ் அப்ரூவ் அடிச்சார். எழுதியிருந்தபடியே மெசின் எங்கட பழைய கதவுகளை எல்லாம் ஒவ்வொண்டாப் பூட்டிச்சுது. புதுக் கதவுகளைத் திறக்கமுந்தித் தன்னையும் பூட்டிப்போட்டுது. பேப்பர் எடுக்க வெளிய வர, பின்னால கதவு பூட்டுப்பட்டால் எப்பிடி இருக்கும்? அப்பிடி நிண்டன். எதையும் திறக்கிற மாஸ்டர் எக்கவுண்டுக்குள்ள போக நம்பர் காட்டிற சின்னக் கருவி டேவின்ர காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள. டேவ் பல் டொக்டரின்ர கதிரையில.

அந்த நேரம் பாத்து ஒரு கடைக்கார அண்ணை போன் அடிக்கிறார். முதல்நாள் அவற்ற வெப்சைட்டில நாங்கள் போட்ட "இண்டைக்குக் கடை பூட்டு" அறிவித்தலை எங்களில ஒருத்தராலும் எடுக்கேலாது. "தங்கச்சி, கடைக்குள்ள சனம் முட்டி நிக்குது, உங்கட வெப்சைட் பூட்டெண்டு நிக்குது. நான் இப்ப ஆரை நம்பிறது?"

டேவ் விறைச்ச வாயோட வந்து திறந்துவிட்டார். திறந்திட்டு, இன்னொருக்கா உப்பிடி நடந்தால் லீவு இல்லை எண்டார். விறைச்ச வாய் எண்டாலும் அது மட்டும் எனக்கு வடிவா விளங்கினது. தங்கச்சி பால் காச்சிற பானையும் வாங்கி வைச்சிட்டு இருக்கிறாள். கேதீஸிட்டைப் போய், "வாசிக்காமலே அப்ரூவ் அடிச்சனீர்?" எண்டு பாய்ஞ்சன். அவர் தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னார்: "வாசிச்சன் அக்கா. பிழை மாதிரித்தான் கிடந்திச்சு. ஆனா நீங்க எழுதினத எப்பிடி வேணாமெண்டு சொல்ற?"

வேண்டாம் சொல்லப் பழக்கிறது

சொல்லுங்கோ, உதுக்கு எந்த சொவ்ட்வெயர் மருந்து? அண்டு தொடக்கம் நான் வேணுமெண்டே பிழையா எழுதி அனுப்பினன். மறுக்கிறதுதான் கேதீஸுக்கு வேலை. முதல்முறை மறுக்க முதல் எழும்பி வந்து என்ர மேசையில ரீ வைச்சார். ரண்டாம்முறை ரீயோட கேக். "மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா" எண்டு தொடங்கி, என்ர சுகம் விசாரிச்சு, பிறகுதான் பிழைக்கு வருவார். எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு.

பக்கத்து மேசையில இருந்து எட்டிப் பாத்த ராஜேஷுக்குப் பொறுக்கேல்லை. "என்ன மேடம் இது, கோட் ரிவ்யூ பண்றாரா, ஜாதகம் பொருந்தலைன்னு பொண்ணு வீட்டுக்கு லெட்டர் எழுதுறாரா?"

கடைசி வரி

எல்லாம் கோட்டுக்குள்ள வந்திட்டுது. லீவும் கிடைச்சிட்டுது! போற நாள் சூட்கேஸையும் ஒபீஸுக்கே உருட்டிக்கொண்டு வந்தன், உடுப்புக் கொஞ்சம், மிச்சமெல்லாம் சொக்லேட். லீவில போறவையின்ர கதவுகளைப் பூட்டவேணும் எண்டது நானே வைச்ச சட்டம். எல்லாத்தையும் பூட்டி எழுதினன். பிறகு கை சும்மா இருக்கேல்லை. எனக்கு மட்டும் அட்மின் இருக்கட்டும் எண்டு ஒரு வரியைச் செருகி, "அவசரத்துக்கு" எண்டும் போட்டு அனுப்பினன். ஆர் மறுக்கப் போயினம்?

திரையில மறுப்புச் சிவப்பு விழுந்துது. ரீயும் வரேல்லை, கேக்கும் வரேல்லை, மன்னிப்பும் இல்லை. திரும்பிப் பாத்தன். கேதீஸ் தன்ர கதிரையில இருந்தபடி என்னை நேராப் பாத்தார். ஊரைப்பற்றி ஒருநாளும் வாய் திறக்காத மனுசன். "எனக்கு அங்க போய்ப் பாக்க ஒருத்தரும் மிச்சமில்ல அக்கா. உங்களுக்கு ஒராள் இருக்கிறா. அந்த வரியத் தூக்கிப்போட்டுப் போய் அவவோட இருங்க."

தூக்கினன், அவர் அப்ரூவ் அடிச்சார், இருந்த உரிமையெல்லாம் பறிபோன ஒரு மனுசி அழுதழுது சிரிச்சுக்கொண்டு எயார்போர்ட்டுக்குப் போனதை அந்த டாக்சிக்காரர் தன்ர சீவியத்தில வேற எங்கயும் கண்டிருக்கமாட்டார்.