பாதம் கழுவும் பாடம்

இந்த நாட்டில் பிள்ளைகளின் பாதங்களைப் பார்க்கவே முடிவதில்லை. கனடாவுக்கு என் மகன் சாமுவேலோடு இருக்க வந்தபின், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வகுப்பில் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன், பசை ஒட்டிய விரல்களைப் பார்த்தேன். கால்கள் மட்டும் எப்போதும் சாக்ஸுக்குள், பூட்ஸுக்குள். ஊரில் இருக்கிறவர்கள் சிரிப்பீர்கள். ஆனால் வெறுங்கால் பார்க்காமல் ஒரு பிள்ளையை எனக்கு முழுசாகத் தெரிந்த மாதிரி இல்லை.

அந்த வகுப்பில் காகிதம் வெட்டித் தருவதும் பசை தடவித் தருவதும் என் வேலை. மற்ற நாளெல்லாம் மகன் வேலைக்குப் போன வீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு மணி நேரம்தான் நானும் ஒரு ஆள்.

காஞ்சிபுரத்து சர்ச்சில் நான் வெறும் ஆள் இல்லை; ஞாயிறு வகுப்புக்கு நான்தான் டீச்சர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதனால் பாடத்தையெல்லாம் கையால் நடத்தினேன். களிமண்ணில் நோவாவின் பேழை செய்தோம். தறி வீடுகளில் கழித்துப் போட்ட பட்டு நூலைக் கேட்டு வாங்கி யோசேப்பின் பல வர்ண அங்கியை ஒட்டினோம். புனித வெள்ளிக்கு முன்பு, இயேசு பேதுருவுக்கும் மற்ற சீடர்களுக்கும் செய்த மாதிரியே, தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் கழுவி என் முந்தானையால் துடைப்பேன்.

"ஆயா, கூசுது ஆயா! வாணா!"

"கூசட்டும்டீ. பேதுருவே மொதல்ல வாணான்னுதான் சொன்னாரு."

"இவன் கால்ல சாணி ஆயா!"

"அதுக்குத்தாண்டா தண்ணி."

என் அப்பா திருப்புட்குழிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர். அவர் நின்றுவிட்டுப் போன இடத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் நிலத்துக்காரர் வீட்டார் நடப்பார்கள். ஆண்டவர் தரையில் உட்கார்ந்து பிறர் காலைக் கையில் ஏந்தினார் என்று கேட்டபோது அப்பா அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

போன ஈஸ்டருக்கு முன்பு வகுப்பை நடத்தும் லிண்டா, இயேசு சீடர்களின் பாதம் கழுவும் படத்தைக் காட்டினாள். நான் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் பேசினில் வெந்நீரும் ஒரு துண்டும் கொண்டுவந்தேன். "நோ, நோ, தேங்க் யூ" என்றாள். நம் ஊரில் ஒரு வாய் காப்பி கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பதுதானே மரியாதை? சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, முன்னால் இருந்த சிறுமியின் சாக்ஸைக் கழற்றினேன். அவளும் "நோ" என்று காலை இழுத்தாள். "பேதுருவும் இப்படித்தாம்மா சொன்னாரு" என்று தமிழிலேயே சொல்லி, கணுக்காலைப் பிடித்தேன். குழந்தை வீறிட்டு அழுதது. லிண்டா அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். பேசினில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

அன்று மாலை சர்ச்சிலிருந்து சாமுவேலுக்குப் போன் வந்தது.

"இன்னாமா பண்ணிக்கினு இருந்த அங்க?"

"பாடம் நடத்தினேன்."

"அந்தப் பொண்ணு நோன்னு சொல்லுச்சாமே. இங்க நோன்னா நோதாம்மா. புள்ளைங்களத் தொடக்கூடாது."

"தொடாம எப்படிடா கழுவுறது?"

அவன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். பிறகு, "இனிமே கிளாஸுக்குள்ள வாணாம்னு சொல்லிட்டாங்கமா" என்றான்.

இந்த வருஷம் அதே பாடத்துக்கு வீட்டிலிருந்தே வெட்டித் தரச் சொல்லி ஒரு பை அனுப்பினார்கள். நீலக் காகிதத்தில் தண்ணீர்க் கிண்ணம், அதில் ஒட்டப் பழுப்புக் காகிதத்தில் சின்னச் சின்னப் பாதங்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லக்கூடிய பொம்பளைதான் நான். சொல்லவில்லை. நான் போகமுடியாத அறைக்குள் அந்தப் பாதங்களாவது போகும்.

எல்லாம் வெட்டி முடித்தபின் ஒரு தாள் மிஞ்சியது. அதைத் தரையில் போட்டு, என் காலை வைத்து, குனிந்து பென்சிலால் சுற்றி வரைந்தேன். குதிகால் வெடிப்புகூடக் கோட்டில் பல் பல்லாக விழுந்தது. வெட்டி எடுத்து ஒரு நீலக் கிண்ணத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். விரல்கள் தண்ணீருக்குள் இருந்தன. குதிகால் வெளியே, மேசைமேல் கிடந்தது.